கிடாக் கடையின் மூலைச் சுவர்

1

என் அண்ணன் குணசேகரன் எங்கள் கடைக்கு வந்த முதல் நாளே வாசற்காலில் தலையை இடித்துக்கொண்டார். வாசல் குள்ளம் என்பது பாதிக் காரணம். கதவுக்கு மேலே அடித்திருந்த சின்னப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே அவர் நுழைந்தது மீதிக் காரணம். அந்தப் பலகையில் என் பெயர் இருக்கிறது. "கலா சுந்தர், இந்த இடத்தில் மது விற்க உரிமம் பெற்றவர்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். இப்படிப் பலகை மாட்ட வேண்டும் என்று இப்போது சட்டம் இல்லை. ஆனால் இந்த இங்கிலாந்துக் கிராமத்துக்காரர்களுக்குப் பழைய பழக்கம் எதையும் விட மனசு வராது.

அண்ணன் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். என்றாலும், 'லிக்கர்' என்ற ஆங்கிலச் சொல் தெரியாத மனிதர் அம்பத்தூர்ப் பக்கம் கிடையாது.

நெற்றியைத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"இன்னா கலா இது? ஓட்டலுனு சொன்ன?"

"ஓட்டல்தாண்ணா. சாப்பாடும் போடறோம்."

"சாப்பாடும்னா?"

வெளியே கம்பத்தில் முறுக்கிய கொம்போடு தொங்கும் கிடாவின் படத்தைப் பார்த்து, "பிரியாணிக் கடையா, போர்டு ஷோக்கா கீதே" என்று இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் சந்தோஷப்பட்ட மனிதர் அவர். இப்போது என் கணவர் சுந்தரிடம், "மாப்ள, பொட்டிய எந்த ரூமுல வெக்கணும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு மாடிப்படி ஏறினார்.

இந்தக் கடையை நாங்கள் குத்தகைக்கு எடுத்து இந்த மாதத்தோடு எட்டு வருஷம். எட்டு வருஷமும் மண்ணூர்பேட்டையில் என் சொந்தபந்தங்களுக்கு இது 'ஓட்டல்'தான். முழுப் பொய் இல்லை. நானும் சுந்தரும் கேட்டரிங் படித்தவர்கள். சமையல் வேலைக்குத்தான் விமானம் ஏறினோம். ஆனால் 'பப்' என்றால் என்ன என்று அம்மாவுக்கு எப்படிச் சொல்வது? நம்மூர் ஒயின் ஷாப் என்றால் கம்பி வலை, அதற்குள் நீளும் கைகள், அந்தப் பக்கம் தலை திருப்பாமல் வேகமாக நடந்து போகும் பெண்கள். இங்கே ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் எண்பது வயதுப் பாட்டி நாயைக் கூட்டிக்கொண்டு வந்து, விறகு எரியும் கணப்புப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிப்பாள். சாவு வீட்டுச் சாப்பாடு இங்கேதான் நடக்கும். ஊர்க் கூட்டமும் இங்கேதான். ஒயின் ஷாப்புக்கும் பப்புக்கும் பொதுவானது பாட்டில் ஒன்றுதான். அந்த ஒன்று போதுமே, ஊரில் பேச்சு வர. அதனால் ஓட்டல் என்று சொல்லி வைத்தேன்.

அப்பா இறந்தபோது நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் அப்போது சித்தாள் வேலையிலிருந்து கொத்தனார் ஆகியிருந்த நேரம். என்னைப் படிக்க வைத்ததும், ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்த, வேறு சாதிப் பையனான சுந்தரைக் கட்டிக்கொள்கிறேன் என்றபோது வீட்டில் எல்லோரையும் அடக்கி வைத்ததும் அவர்தான். ஊரில் யார் கோபித்துக்கொண்டாலும் எனக்குப் பெரிதில்லை. இவர் ஒருவர் முகம் திருப்பினால் தாங்காது.

2

கட்டடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது தெரியாமல் பிறகு நடந்தது புரியாது.

இதற்கு நானூறு வயதாவது இருக்கும் என்கிறார்கள். கல் கட்டடம் இல்லை, மரக் கட்டடம். பெரிய ஓக் மரத் தூண்களை நிறுத்தி, மேலே உத்தரம் ஏற்றி, குறுக்கும் நெடுக்குமாகச் சட்டங்களைப் பூட்டி, முதலில் வெறும் எலும்புக்கூட்டை எழுப்பியிருக்கிறார்கள். பிறகு சட்டங்களுக்கு நடுவே பிளந்த குச்சிகளைக் கூடை மாதிரிப் பின்னி, அதன்மேல் வைக்கோலும் சாணியும் கலந்த களிமண்ணை அப்பி, சுண்ணாம்பு பூசியிருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளைச் சுவரில் கறுப்புச் சட்டம் போட்ட மாதிரி அழகாக இருக்கும். உள்ளே எதுவும் நேராக இருக்காது. மாடியில் என் மகள் பவித்ரா மேசையில் பென்சிலை வைத்தால் ஜன்னல் பக்கம் உருண்டு போகும். கட்டில்களுக்கு ஒரு பக்கக் கால்களுக்கு மட்டும் கட்டை வைத்திருக்கிறோம். நிலைகள் எல்லாம் கோணல். ஒவ்வொரு கதவும் தன் நிலையின் கோணலுக்குத் தக்கபடி அறுத்தது. கணப்பு மட்டும் ஓர் அறை அளவு. அதற்குள்ளேயே இரண்டு பக்கமும் பெஞ்சு போட்டு நாலு பேர் உட்காரலாம்.

ரோட்டிலிருந்து இரண்டு படி கீழே இறங்கித்தான் உள்ளே வர வேண்டும். கட்டியபோது சமமாகத்தான் இருந்ததாம். ரோடு போடப் போட உயர்ந்துவிட்டது. மண்ணூர்பேட்டையில் இருபது வருஷத்தில் எங்கள் வீடு பள்ளத்துக்குப் போனதே, அதே கதை. இங்கே கொஞ்சம் நிதானமாக நடந்திருக்கிறது.

இந்த மாதிரிக் கட்டடங்களை அரசாங்கம் ஒரு பட்டியலில் ஏற்றி வைத்திருக்கிறது. ஏறிவிட்டால் சுவரில் கைவைக்கும் முன் கவுன்சிலில் அனுமதி வாங்க வேண்டும். அனுமதியில்லாமல் மாற்றினால் அது குற்றம். கோர்ட்டு வரைக்கும் போகலாம். குத்தகைப் பத்திரத்தில் இதற்கென்றே தனிப் பக்கம் இருக்கிறது. நாங்கள் கையெழுத்துப் போட்ட பக்கம்.

3

அண்ணன் ஒரு மாதம் தங்குவதாக வந்திருந்தார். முதல் நாலு நாள் மாடியை விட்டு இறங்கவில்லை. சாப்பாட்டை மேலேயே கொடுக்கச் சொன்னார். என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில். திட்டியிருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பேன்.

ஆனால் வானகரத்தில் அடுக்குமாடி கட்டும் மேஸ்திரி அவர். எத்தனை நாள் ஒரு கட்டடத்தைப் பார்க்காமல் இருப்பார்? ஐந்தாம் நாள் காலை, கடை திறக்கும் முன் நான் கீழே வந்தபோது, ஆளில்லாத கூடத்தில் ஒரு ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தார். நூலில் எங்கள் வீட்டுச் சாவியைக் கட்டி, தூக்குக்குண்டு மாதிரி மூலைத் தூண் ஓரமாகத் தொங்கவிட்டிருந்தார்.

"ஒரு சாண் சாஞ்சிகீது கலா. எப்டி நிக்குது இது?"

"தெரியலண்ணா. நாங்க வந்ததுலேர்ந்து அப்டித்தான் நிக்குது."

"சாஞ்சிகினே கீதா, இல்ல சாஞ்சி முட்ச்சி நின்ட்டுதா? அத்த பாக்கணும்."

வந்த நாளிலிருந்து அவர் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். விட்டுவிடக் கூடாது என்று, உத்தரங்கள் சேரும் இடங்களைக் காட்டினேன். ஒவ்வொரு பூட்டிலும் உளியால் கீறிய கோடுகள் இருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று. மரங்களை வேறொரு இடத்தில் தரையில் வைத்து இழைத்து, பொருந்துகிறதா என்று பார்த்து, எண் போட்டு, பிரித்து, வண்டியில் கொண்டுவந்து இங்கே பூட்டியிருக்கிறார்கள்.

அண்ணன் அந்தக் கோடுகளை விரலால் தடவினார். சிரித்துவிட்டார்.

"நாங்க சென்ட்ரிங் பலகைக்கு சாக்பீஸ்ல நம்பர் போட்றோமே, அதே வேல. ஆணி எங்க அடிச்சிகீறாங்க?"

"ஆணி இல்லண்ணா. மர முளைதான்."

"மெய்யாலுமா?"

அதற்குள் பன்னிரண்டாகிவிட்டது. சுந்தர் வாசல் கதவைத் திறந்ததும் அண்ணன் நூலைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

4

கணப்புக்குப் பக்கத்து மூலைச் சுவர்தான் எங்களுக்கு இரண்டு வருஷத் தலைவலி. பூச்சு தொந்தி மாதிரி உப்பியிருந்தது. மழைக்காலத்தில் தொட்டால் கை ஈரமாகும். எப்போதோ யாரோ பழைய சுண்ணாம்புப் பூச்சின்மேல் சிமென்ட் பூசியிருக்கிறார்கள். அந்த மூலையில் உட்காருபவர்கள் கோட்டைக் கழற்ற மாட்டார்கள். கட்டட முதலாளியிடம் சொன்னால், "பழுது உங்கள் பொறுப்பு" என்றார். கவுன்சிலில் கேட்டால் மனு கொடுக்கச் சொன்னார்கள்.

மனு என்றால் ஒரு தாள் இல்லை. ஒரு கட்டு. அதில் ஒரு கேள்வி: 'இந்தச் சுவரின் முக்கியத்துவத்தை விளக்குக.' நான் யோசித்து எழுதினேன்: 'இந்தச் சுவர் மிகவும் முக்கியம். இது இல்லாவிட்டால் மாடி விழுந்துவிடும்.'

பவித்ரா படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்குப் பதினைந்து வயது. பிறகு, "அம்மா, அவங்க கேட்கறது சரித்திரம்" என்று ஆங்கிலத்தில் சொல்லி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மூன்று சனிக்கிழமைகள் உட்கார்ந்து முழு மனுவையும் அவளே திருத்தி எழுதினாள். அதற்காக இணையத்தில் எதையெதையோ படித்தாள். படித்ததை எங்களிடம் சொன்னதில்லை. அவள் எங்களிடம் எதையும் அதிகமாகச் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பைப் பதினோரு வயதில் நிறுத்தினாள். இந்த வீடு கோணல், இந்த ஊருக்கு நாளுக்கு இரண்டே பஸ், பெரிய நகரத்துக்குப் போய்விட வேண்டும் என்பது அவளுடைய நிரந்தரப் புகார். வந்த மாமாவிடம் அவள் பேசிய தமிழ், "சாப்டீங்களா?" "தூங்கினீங்களா?" என்ற இரண்டு கேள்விகள்தான். பதிலுக்கு அவர் சொல்லும் மெட்ராஸ் தமிழ் புரியாமல், தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவாள்.

மனுவைப் பார்த்துவிட்டு, கவுன்சிலின் பழங்கட்டட அதிகாரி ஹெலன் வியாழக்கிழமை நேரில் வருவதாக எழுதியிருந்தார். அண்ணனுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. நான் சொல்லவில்லை. கடையைப் பற்றி எதைப் பேச ஆரம்பித்தாலும் அந்தப் பலகையில் வந்து நிற்குமே என்ற பயம்.

5

செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை. பவித்ரா பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். நானும் சுந்தரும் சாமான் வாங்க டவுனுக்குப் போய்விட்டு நாலு மணிக்குத் திரும்பினோம். காரை நிறுத்தும்போதே உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. பவித்ரா கத்திக்கொண்டிருந்தாள். தமிழில்.

சுந்தர் வெங்காய மூட்டையைத் தரையில் போட்டுவிட்டு ஓடினார். நான் பின்னால் ஓடினேன்.

கூடத்து மேசைகள் ஓரமாக நகர்த்தி வைக்கப்பட்டு, மேலே பழைய போர்வை விரித்திருந்தது. மூலைச் சுவரின் பூச்சு, ஓர் ஆள் உயரத்துக்கு, இரண்டு கை அகலத்துக்கு, காணோம். உடைத்த சிமென்ட் பூச்செல்லாம் கோணியில் கட்டி வைத்திருந்தது. சுவரின் உள்ளே கறுத்த மரச்சட்டமும், பின்னிய குச்சிகளும், வைக்கோல் நீட்டிக்கொண்டிருக்கும் பழுப்பு மண்ணும் தெரிந்தன. அதற்கு முன்னால், பள்ளிச் சீருடையோடு, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு பவித்ரா. அவளுக்கு எதிரே, தட்டு நிறையக் குழைத்த சிமென்ட் கலவையும் கையில் கரணையுமாக அண்ணன். பின்கட்டுப் படிக்கு என்று நாங்கள் வாங்கி வைத்திருந்த சிமென்ட் மூட்டை வாய் திறந்து கிடந்தது.

"வேணாம் மாமா! சிமென்ட் வேணாம்! இந்தச் சுவர்... மூச்சு... மூச்சு விடணும்! சிமென்ட் போட்டா செத்துப் போயிடும்!"

"பாப்பா, நவுரு கண்ணு. கலவ காஞ்சிடும்."

"காயட்டும்!"

'காயட்டும்' என்ற சொல்லை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததாக நினைவில்லை.

"ஐயோ மச்சான்," என்றார் சுந்தர்.

அண்ணன் எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "நீங்க வர்துக்குள்ள முட்ச்சிட்லாம்னு பாத்தேன். பாப்பா வந்து குறுக்க நின்னுகினு கீது. செவுரு ஊறிப்போய் கீதே கலா, தெனம் நீ அத்த தொட்டுத் தொட்டுப் பாக்கற. நான் வந்து மேல குந்திகினே கீறேன். சரி, இன்னிக்கு கடதான் மூடிகீதே, ஒரு செவுராச்சும் பூசிக் குடுப்போம்னு..."

அவர் என்னோடு சமாதானம் ஆக எடுத்த வழி அதுதான் என்று எனக்குப் புரிந்தது. ஆனாலும் சொல்லித்தானே ஆக வேண்டும்? சொன்னேன். பட்டியல், அனுமதி, குற்றம், கோர்ட்டு, குத்தகைப் பத்திரம், நாளை மறுநாள் வரப்போகும் அதிகாரி, எல்லாம்.

அண்ணன் கரணையைத் தட்டில் வைத்தார். கை கழுவிக்கொண்டு வந்து கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். அந்தக் கூடத்தில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"நான் இந்த மாரி மண்ணு செவுர இடிச்சி இடிச்சே பொழப்பு நடத்தனவன் கலா," என்றார். "இத்தப் போயி இடிச்சா கேஸு வரும்னு எனுக்கு எப்டித் தெரியும்?"

6

சுந்தர் முதலில் சொன்ன யோசனை, உடம்பு சரியில்லை என்று சொல்லி அதிகாரியின் வருகையைத் தள்ளிப்போடுவது. அண்ணன் சொன்னது வேறு. "சுண்ணாம்பு கெடச்சா பழைய மாரியே பண்ணிட்றேன். இல்லியா, என் மேல பழியப் போட்டுடு. டிக்கட்ட மாத்திகினு நாளைக்கே போயிட்றேன்."

அதில் இன்னொரு பயம் இருந்தது. சுற்றிப் பார்க்கும் விசாவில் வந்தவர் வேலை செய்யக் கூடாது. சொந்தத் தங்கை வீட்டுச் சுவரில் சும்மா கைவைத்தது வேலையில் சேருமா, சேராதா? எனக்குத் தெரியவில்லை. இனி அண்ணனுக்கு விசாவே கிடைக்காமல் போனால்? கடையைக் காலி செய் என்று முதலாளி சொன்னால்? நாங்கள் தூங்குவதும் இந்தக் கட்டடத்தில்தானே?

பவித்ரா மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "மறைச்சா அதுதான் பெரிய தப்பும்மா," என்றாள் ஆங்கிலத்தில். "உண்மையைச் சொல்லிடுங்க. நாளைக்குக் காலையிலேயே."

புதன்கிழமை பவித்ரா பள்ளிக்கு லீவு போட்டுவிட்டாள். காலை ஒன்பதுக்கு ஹெலனைக் கூப்பிட்டேன். எட்டு வருஷமாகக் கடை நடத்துகிறேன், தொலைபேசியில் ஆங்கிலம் எனக்குப் பழக்கம்தான். பூச்சு என்பதற்கான ஆங்கிலச் சொல்லை அந்த மனுவிலேயே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. 'சுவரெல்லாம் போச்சு' என்று மனசில் ஓடியதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன்.

"மேடம், மூலைச் சுவர் போய்விட்டது. என் அண்ணன் எடுத்துவிட்டார்."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"எல்லோரும் வெளியே வந்துவிட்டீர்களா?" என்று கேட்டார் ஹெலன்.

"இல்லை மேடம். எல்லோரும் உள்ளேதான் டீ குடித்துக்கொண்டிருக்கிறோம்."

"வெளியே போங்கள். இந்த நிமிஷமே."

நாற்பது நிமிஷத்தில் இரண்டு கார்கள் வந்தன. ஒன்றில் ஹெலன். இன்னொன்றில் ஒரு வயதான இன்ஜினியர். இருவர் தலையிலும் ஹெல்மெட். அந்த நாற்பது நிமிஷமும் நாங்கள் நாலு பேர் தூறலில் ரோட்டோரம் நின்றோம். அண்ணன் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டு, போலீஸ் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

7

ஹெலன்தான் முதலில் உள்ளே போனார். மூலையைப் பார்த்தார். கையைத் தூணில் ஊன்றிக்கொண்டு பெரிதாக மூச்சு விட்டார்.

"சுவர் இருக்கிறதே!"

"இருக்கிறது மேடம்."

"போனது பூச்சு."

"ஆமாம் மேடம். பூச்சு." அந்தச் சொல் அப்போதுதான் என் வாயில் வந்தது.

இன்ஜினியர் முட்டி போட்டு உட்கார்ந்து டார்ச் அடித்தார். பேனாக்கத்தியின் முனையால் மரத்தை அங்கங்கே குத்திப் பார்த்தார். தூணின் அடியில் கத்தி இரண்டு விரல் அளவுக்கு மெத்தென்று இறங்கியது. அதற்கு மேல் 'டக்' என்று நின்றது. அவர் மேலே மேலே குத்திக்கொண்டே போனார். ஒவ்வொரு 'டக்'குக்கும் என் தோள் கொஞ்சம் இறங்கியது.

"யார் இதை எடுத்தது?" என்று கேட்டார் ஹெலன்.

அண்ணன் பள்ளிக்கூடப் பையன் மாதிரிக் கையைத் தூக்கினார்.

அவரிடம் நேராகக் கேட்க வேண்டும் என்றார் ஹெலன். நான் வாயைத் திறந்தேன். "நான் சொல்றேன்மா," என்று பவித்ரா முன்னால் வந்து நின்றுகொண்டாள். என் ஆங்கிலத்தின் மேல் காலையிலேயே அவளுக்கு நம்பிக்கை போய்விட்டது.

எதை வைத்து எடுத்தார், எவ்வளவு ஆழம் போனார் என்று ஹெலன் கேட்டதை அவள் தமிழாக்கினாள்.

"சுத்தியும் உளியுந்தான் பாப்பா. மிஷினு கெடயாது. மொதல்ல கைல தட்னேன். டொக்கு டொக்குனு கேட்டுச்சி. உள்ள ஒட்டவே இல்ல. ஒட்டாத பூச்சு செவுரு கெடயாது, அது சட்ட. நான் சட்டயத்தான் கழட்னேன், ஒடம்பத் தொடல. அந்தம்மாகைல சொல்லு."

பவித்ரா இரண்டு சொற்களுக்கு என்னிடம் அர்த்தம் கேட்டுக்கொண்டாள். பிறகு ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். சட்டை, உடம்பு எல்லாம். ஹெலன் நிமிர்ந்து பார்த்தார். இன்னொரு தடவை சொல்லச் சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டார்.

இன்ஜினியர் எழுந்து நின்று முட்டியைத் தட்டினார். சிமென்ட்தான் தண்ணீரை உள்ளே பிடித்து வைத்துக்கொண்டு தூணின் காலை ஊற வைத்திருக்கிறது என்றார். சேதம் மேலோடுதான், உள் மரம் இரும்பு. சாய்வு பழைய சாய்வு, பயப்பட ஒன்றுமில்லை. "ஆனால் இன்னும் நாலைந்து குளிர்காலம் இப்படியே மூடிக் கிடந்திருந்தால் இந்தக் கால் போயிருக்கும். மேலே என்ன இருக்கிறது?"

"என் கட்டில்," என்றாள் பவித்ரா.

அதை அவள் மாமாவுக்குத் தமிழில் சொல்லவில்லை. ஆனால் அவர் எங்கள் முகங்களைப் பார்த்தே புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். நகர்ந்து வந்து அவள் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

ஹெலன் குழைத்துக் காய்ந்துபோன சிமென்ட் தட்டைப் பார்த்தார். "இது சுவரில் படவில்லையே?"

"நான் விடவில்லை."

"சிமென்ட் கூடாது என்று உனக்கு எப்படித் தெரியும்?"

"மனுவை நான்தான் எழுதினேன்," என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஹெலன் சிரிக்கவில்லை, அதட்டவும் இல்லை. அனுமதியில்லாமல் தொட்டது தப்புதான், நடந்ததை எழுதி மேலே அனுப்பத்தான் வேண்டும், முடிவு கடிதமாக வரும், அதுவரை ஒருவரும் கைவைக்கக் கூடாது என்றார். போகும்போது வாசலில் நின்று, "விருந்தாளிக்குச் சுவரைக் கொடுக்காதீர்கள். நல்ல சாப்பாடாகக் கொடுங்கள்," என்றார்.

8

அன்று மாலை ஐந்து மணிக்கு, கடையில் ஆள் இருக்கும்போது, அண்ணன் தலையை வாரிக்கொண்டு கீழே இறங்கி வந்தார். மூலைக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். டீ கொண்டுபோய் வைத்தேன். எதிரே ஆர்தர் என்று ஒரு கிழவர், பண்ணை வைத்திருந்தவர், தினமும் வருபவர். சுவரையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணன் எழுந்து போய், தொடாமல், விரலால் காற்றிலேயே குச்சிப் பின்னலைக் காட்டி, மண்ணை அப்புகிற மாதிரி அப்பிக் காட்டினார். மாடு மாதிரி ஒரு சத்தமும் கொடுத்தார். ஆர்தர் மேசையைத் தட்டிச் சிரித்தார். சாணி அவருக்குப் புரிந்துவிட்டது.

கப்பை எடுக்கப் போனபோது அண்ணன் என் கையைப் பிடித்தார்.

"தாத்தா பாட்டியெல்லாம் நாய இட்டுகினு வந்து குந்திகினு கீதுங்க. இது வேற மாரி கலா. மின்னாடியே சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா வந்திருப்பியா?"

யோசித்தார். "வந்துருக்க மாட்டேன்," என்றார். "தப்பு பண்ணிருப்பேன்."

எட்டு வருஷமாகச் சுமந்த ஒன்றை அந்தப் பெஞ்சிலேயே இறக்கி வைத்தேன்.

மிச்சமிருந்த நாட்களில் பவித்ராவும் அவரும் பக்கத்து ஊர்களில் இந்த மாதிரிக் கட்டடங்களைத் தேடிப் பஸ் ஏறிப் போனார்கள். போகும்போது அவள் ஆங்கிலமும் அவர் மெட்ராஸுமாகப் போனவர்கள், வரும்போது நடுவில் எங்கேயோ சந்தித்துக்கொண்டு வந்தார்கள். "அம்மா, அந்தச் சர்ச்சுல உத்தரம் ஷோக்கா கீது" என்று அவள் சொன்ன அன்று, பள்ளிக்கூடத்தில் தமிழில் பரிசு வாங்கிய என் கணவர் தலையில் கைவைத்துக்கொண்டார். எனக்கு அது ஷோக்காகவே கேட்டது.

அண்ணன் ஊருக்குப் போய் ஏழு வாரம் ஆகியும் கடிதம் வரவில்லை. தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் போய் நின்றுவிடுவேன். மண்ணூர்பேட்டையிலும் நிம்மதி இல்லையாம். "உங்க அண்ணன் சரியா சாப்பட்றதே இல்ல," என்று அண்ணி போனில் சொன்னார். "வெள்ளிக்கெழம ஆனா திருமுல்லைவாயில் கோயிலுக்குப் போயி குந்திக்கிறாரு. கேட்டா, தங்கச்சிக்கு ஒரு கேஸு கீதுன்றாரு."

இந்தச் சனிக்கிழமை காலை பத்தரைக்கு அந்தக் கடிதம் வந்தது. நான் மூன்று தடவை படித்தேன். சரியாகத்தான் படிக்கிறேனா என்று பவித்ராவிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு நேராகப் போனை எடுத்து மாமாவைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் வானகரத்துக் கலவை மிஷின் கடகடவென்று ஓடியது.

"மாமா! லெட்டர் வந்துகீது மாமா!"

"இன்னா? கேக்கல பாப்பா, இரு... டேய், மிஷின நிறுத்துங்கடா! நிறுத்துடான்றேன்!"

மிஷின் நின்றது. அங்கே யாரோ இருமுவதுகூடக் கேட்டது.

"இப்ப சொல்லு கண்ணு. மெதுவா சொல்லு."

அவள் கடிதத்தை ஒவ்வொரு வரியாகத் தமிழாக்கிச் சொல்ல ஆரம்பித்தாள். சுண்ணாம்பில் பழுது பார்க்க அனுமதி உண்டு. அதற்குப் பழக்கமான ஆளைத்தான் வைக்க வேண்டும். அனுமதி இல்லாமல் பூச்சை எடுத்தது தவறு, மறுபடி நடக்கக் கூடாது. கடைசி வரிக்கு வந்தாள். அரசாங்க ஆங்கிலம். மேல் நடவடிக்கை என்பதற்கு அவளிடம் தமிழ் இல்லை.

"இதுக்கு மேல... இதோட அவங்க... வந்து..."

நான் எடுத்துக் கொடுக்க வாயெடுத்தேன். அதற்குள் ஐயாயிரம் மைலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணன் கேட்டார், பயந்துகொண்டே, மெல்ல:

"இதோட வுட்டுட்டாங்களா?"

"ஆமா மாமா," என்று கத்தினாள் என் மகள். "இதோட வுட்டுட்டாங்க!"